தொலைதூர இலக்குச் சுடுதலுக்கு ஸ்கோப்பும் ரெட்டிக்கிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுடுதளத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதைவிட, அதன் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதிலும் பாதிப்பேர் வாங்கி முடித்த பிறகு கேட்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். பணம் கொடுப்பதற்கு முன்னால் படித்துவிடட்டும் என்று, காதில் விழுந்த கேள்விகளை விழுந்த மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். 300 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை, காகித இலக்கும் இரும்புத் தகடும் சுடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ரெட்டிக்கிள் என்பது ஸ்கோப்புக்குள் பார்க்கும்போது தெரியும் குறிக்கோடு.

பெட்டியில 5-25×56ன்னு போட்டிருக்கு. எது எதுக்கு?

முன்னால் இருக்கும் இரண்டு எண்களும் உருப்பெருக்கம். 5 மடங்கிலிருந்து 25 மடங்கு வரை ஜூம் செய்யலாம். பின்னால் இருப்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

இந்த இரண்டையும் வகுத்துப் பாருங்கள். 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.2 வருகிறது. 25 மடங்கில் பார்க்கும்போது ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மி.மீ. கணக்கில். பகல் வெளிச்சத்தில் கண்மணி சுருங்கி 2 முதல் 4 மி.மீ. வரைதான் திறந்திருக்கும் என்பதால் இது போதும். இதையே 52 மி.மீ. லென்ஸில் 60 மடங்குக்குப் போட்டால் 0.9-கூட வராது. படம் மங்கும். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் கொஞ்சம் மாற்றி வைத்தாலே கறுத்துப் போகும். பெரிய ஜூம் எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்களிடம் நான் முதலில் போடச் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

1000 மீட்டர் சுடணும்னா எத்தனை எக்ஸ் (மடங்கு) வேணும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இரும்புத் தகடுகளை வெவ்வேறு தூரத்தில் வைத்து, நேரக்கெடுவில் சுடும் போட்டிகளில் 25 மடங்கு வரை போகும் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு 12 முதல் 18 மடங்கில் சுடுகிறவர்களே அதிகம். ஜூமைக் கூட்டக் கூட்டப் பார்க்கும் பரப்பு சுருங்கும். சுட்ட பிறகு தோட்டா எங்கே விழுந்தது, மண் எந்தப் பக்கம் தெறித்தது என்பதை நீங்களே பார்க்க வேண்டும். துப்பாக்கி உதைத்து நகர்ந்ததும் தகடு பார்வையை விட்டே போய்விட்டால், அடுத்த குண்டுக்கு எதைத் திருத்துவீர்கள்?

எஃப்-கிளாஸ் போல, ஒரே தூரத்தில், படுத்துக்கொண்டு, தாங்கியில் வைத்துக் காகிதத்தைச் சுடும் போட்டி வேறு. 1000 கெஜத்தில் அங்கே பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம், அதற்குள்ளிருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். அங்கே 40, 50 மடங்குக்கு வேலை இருக்கிறது. ஆனால் வெயில் ஏறி, தரையிலிருந்து கானல் எழும்பும்போது அந்த ஜூம் கானலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். வளையங்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். அப்போது அனுபவசாலிகளும் 25-க்கோ 20-க்கோ இறக்கிக்கொள்வார்கள். ஆகவே மேல் எண்ணை மட்டும் பார்க்காமல், எதுவரை இறக்க முடியும் என்பதையும் பாருங்கள்.

300 மீட்டர் சர்வதேசப் போட்டிக்கு எந்த ஸ்கோப் நல்லது?

எதுவுமே கூடாது. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) 300 மீட்டர் ரைஃபிள் போட்டியில் சிறு துளை வழியே பார்க்கும் துளைக்குறி மட்டும்தான், உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. எந்தப் போட்டிக்குப் போகப்போகிறீர்களோ அதன் விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள். அப்புறம் கடைக்குப் போகலாம்.

மில்லா, எம்.ஓ.ஏ.வா? எது துல்லியம்?

இரண்டும் கோண அளவுகள். ஒன்று மற்றதைவிடத் துல்லியம் என்பதெல்லாம் இல்லை. 1 மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 100 மீட்டரில் 10 செ.மீ., 1000 மீட்டரில் 1 மீட்டர். 1 எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு: 100 மீட்டரில் 2.9 செ.மீ., 100 கெஜத்தில் 1.047 அங்குலம். ஒரு மில்லுக்கு 3.44 எம்.ஓ.ஏ.

குறியை மேல்கீழாகவோ பக்கவாட்டிலோ நகர்த்தத் திருகும் குமிழ்தான் டரட், அதன் ஒரு படி ஒரு கிளிக். கிளிக் அளவில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. மில் ஸ்கோப்பில் வழக்கமான கிளிக் 0.1 மில், 100 மீட்டரில் 1 செ.மீ. எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் கால் எம்.ஓ.ஏ., அதாவது சுமார் 0.73 செ.மீ. காகிதப் போட்டிக்கென்று அரைக்கால் எம்.ஓ.ஏ. கிளிக்கும் வருகிறது. வளையங்கள் எம்.ஓ.ஏ. கணக்கையொட்டி வரையப்பட்ட இலக்கில் எம்.ஓ.ஏ. வசதி. தகடு சுடும் போட்டியில் பக்கத்தில் இருப்பவர் "இடது அரை மில்" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மில் வசதி. உங்களோடு சுடுகிறவர்கள் எதைப் பேசுகிறார்களோ அதையே வாங்குங்கள். மீட்டரில் யோசித்துப் பழகியவருக்கு நான் தயங்காமல் மில் என்றுதான் சொல்வேன்.

ரெட்டிக்கிள் மில்லுல இருக்கு, டரட் எம்.ஓ.ஏ.ல இருக்கு. விலை ரொம்பக் குறைவு. எடுக்கலாமா?

வேண்டாம். ரெட்டிக்கிளில் பார்த்து "0.8 மில் கீழே விழுந்தது" என்று அளந்தால் டரட்டில் எட்டுக் கிளிக் என்று கை தானாகப் போக வேண்டும். இந்தக் கலவையில் ஒவ்வொரு முறையும் 3.44-ஆல் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்க வேண்டும். காற்று மாறிக்கொண்டிருக்கிறது, நேரம் ஓடுகிறது. அந்த இடத்தில் மனக்கணக்கு தப்பும்.

எஃப்.எஃப்.பி., எஸ்.எஃப்.பி. என்கிறார்களே, எனக்கு எது?

ஸ்கோப்புக்குள் ரெட்டிக்கிள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். முதல் குவியத் தளத்தில் (எஃப்.எஃப்.பி.) இருந்தால் ஜூம் செய்யும்போது இலக்கோடு சேர்ந்து ரெட்டிக்கிளும் பெரிதாகும், சிறிதாகும். எந்த ஜூமிலும் 1 மில் கோடு 1 மில்தான். இரண்டாம் குவியத் தளத்தில் (எஸ்.எஃப்.பி.) ரெட்டிக்கிள் கண்ணுக்கு எப்போதும் ஒரே அளவில் தெரியும், இலக்கு மட்டும் மாறும். அதன் அளவுகள் ஒரே ஒரு ஜூமில்தான் சரி. பெரும்பாலும் அது உச்ச ஜூம். 20 மடங்கில் சரியாக இருக்கும் ரெட்டிக்கிளை 10 மடங்கில் வைத்தால் 1 மில் என்று போட்ட கோடு 2 மில்லைக் காட்டும்.

இரண்டாவது கேள்வியில் சொன்ன இரண்டு ஆட்டங்களையும் இங்கே நினைத்துப் பாருங்கள். தூரமும் ஜூமும் மாறிக்கொண்டே இருக்கும் தகடுப் போட்டிக்கு எஃப்.எஃப்.பி.தான். ரெட்டிக்கிளைக் கொண்டே காற்றுக்கு ஒதுக்குகிறவர் (காற்று தள்ளும் அளவுக்குத் தள்ளிக் குறிவைக்கிறவர்), ஜூம் எங்கே இருக்கிறது என்று பார்க்க மறந்தால் எஸ்.எஃப்.பி.யில் குண்டு தகட்டைத் தாண்டிப் போய்விடும். ஒரே தூரத்தில் காகிதம் சுடுகிறவருக்கு எஸ்.எஃப்.பி. நல்லது. உச்ச ஜூமிலும் கோடு மெல்லியதாகவே இருக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. எஃப்.எஃப்.பி.தான் உயர்ந்தது, மற்றது மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை.

மரம் மாதிரி கீழே விரிஞ்சுக்கிட்டே போற ரெட்டிக்கிள் வேணுமா, சாதாக் குறுக்குக்கோடு போதுமா?

தோட்டாவின் இறக்கத்தை டரட்டைத் திருகிச் சரிசெய்கிறவருக்கு மரம் அவ்வளவாகத் தேவைப்படாது. கிடைக்கோட்டில் 0.2 அல்லது 0.5 மில்லுக்கு ஒரு கோடு, செங்குத்துக் கோட்டிலும் அதே மாதிரி, நடுவில் ஒரு சிறு புள்ளி. இது போதும். உயரத்தைத் திருகுவது, காற்றுக்கு ரெட்டிக்கிளில் ஒதுக்கிப் பிடிப்பது என்பதுதான் களத்தில் பலரும் செய்வது. காற்று நொடிக்கு நொடி மாறும், அதன் பின்னால் டரட்டைத் திருகிக்கொண்டே ஓட முடியாது.

திருக நேரமே இல்லாத கட்டம் வரும்: 400, 550, 700 மீட்டர் என்று மூன்று தகடுகளை அடுத்தடுத்து அடிக்க வேண்டும். அங்கே மரம் உதவும். உயரம் 4.2 மில், காற்று 0.8 மில் என்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி தயாராக இருக்கும். வெறுங்குறுக்குக்கோட்டில் அந்த இடம் வெற்று வெளி, கண்ணால் ஊகிக்க வேண்டும். ஆனால் புள்ளியும் எண்ணும் அடைத்துக்கொண்டிருக்கும் ரெட்டிக்கிளில், குண்டு கிளப்பிய புழுதி எங்கே என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும். முதல் ஸ்கோப் என்றால் அடர்த்தி குறைந்த மரமாகப் பாருங்கள். வாங்குவதற்கு முன் உச்ச ஜூமிலும், பாதி ஜூமிலும், மர நிழலான பின்னணியிலும் வைத்துப் பார்க்க முடிந்தால் நல்லது.

கோடு எவ்வளவு மெல்லிசா இருக்கணும்?

இலக்கை மறைக்காத அளவுக்கு மெல்லியதாக, கண் தேடாத அளவுக்குத் தடிப்பாக. 0.05 மில் கோடு 1000 மீட்டரில் 5 செ.மீ.யை மறைக்கும், 0.03 மில் கோடு 3 செ.மீ.யை. அரை மீட்டர் தகட்டுக்கு இந்த இரண்டுமே பிரச்சினை இல்லை. எஃப்-கிளாஸ் எக்ஸ் வளையத்தின் 12.7 செ.மீ.க்குள் 5 செ.மீ. மறைந்தால் அது பெரிய இழப்பு. அங்கே விரும்பப்படும் எஸ்.எஃப்.பி. புள்ளி அரைக்கால் எம்.ஓ.ஏ. அளவு, அதாவது 1000 கெஜத்தில் சுமார் 3.3 செ.மீ.

எஃப்.எஃப்.பி.யில் இன்னொன்றையும் கவனியுங்கள். 25 மடங்கில் அழகாக இருக்கும் 0.03 மில் கோடு 6 மடங்கில் சிலந்தி இழையாகிக் காணாமல் போகும். விளக்குள்ள ரெட்டிக்கிள் உதவுவது அந்த மாதிரி நேரத்தில்தான். மற்றபடி பகலில் காகிதம் சுடுகிறவருக்கு விளக்கு கட்டாயமில்லை.

குழாய் 34 மி.மீ.ன்னா வெளிச்சம் அதிகம் வரும்ல?

வராது. வெளிச்சக் கணக்கு முதல் பதிலில் இருக்கிறது, அதில் குழாய்க்கு இடமில்லை. தடித்த குழாய்க்குள் டரட் திருகும்போது உள்ளே நகரும் பகுதிக்கு இடம் அதிகம். அதனால் மேல்கீழ் திருத்தம் அதிகமாகக் கிடைக்கும். அதுதான் அதன் பயன்.

அந்தத் திருத்தம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 175 கிரெய்ன் எடைத் தோட்டா போட்ட .308 வின்செஸ்டரை 100 கெஜத்தில் சீரோ செய்தால் (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி அமைத்தால்) 1000 கெஜத்துக்குச் சுமார் 11 முதல் 12 மில் ஏற்ற வேண்டும். ஸ்கோப்பின் மொத்த மேல்கீழ் நகர்வு 24 மில் என்று வையுங்கள். துப்பாக்கியில் ஸ்கோப்பைத் தாங்கும் பேஸ் தட்டையாக இருந்தால் சீரோ ஏறக்குறைய நடுவில் நிற்கும், மேலே மிச்சம் 12 மில்தான். கடைசிக் கிளிக்கில் போய் முட்டும். அதற்குப் பதில் 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள ரெயில் (நீளமான பேஸ்) போட்டால் 5.8 மில் கூடுதலாகக் கிடைக்கும், நிம்மதி. அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று 40 எம்.ஓ.ஏ. ரெயிலை இதே ஸ்கோப்புக்குப் போட்டால் 11.6 மில் அதிலேயே போய்விடும். கீழே மிச்சம் அரை மில்கூட இல்லை, 100 மீட்டரில் சீரோ செய்யவே முடியாமல் போகலாம்.

ஜீரோ ஸ்டாப் அவசியமா?

அவசியம். டரட் ஒரு சுற்றுக்கு மேல் திரும்பும்போது எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பது அவசரத்தில் குழம்பும். சீரோவுக்குக் கீழே போகாமல் டரட்டை ஓர் இடத்தில் முட்டி நிறுத்தும் அமைப்பு இருந்தால், கண்ணால் பார்க்காமலே திருகித் திரும்ப வரலாம். ஒரு சுற்றுக்கு 10 மில் இருக்கும் டரட் எண்ணுவதற்குச் சுலபம்.

பாரலாக்ஸ் குமிழை 500ல வைச்சா 500 மீட்டருக்குச் சரிதானே?

அந்த எண்ணை முழுதாக நம்பாதீர்கள். பள்ளி ஆய்வகத்தில் படித்த இடமாறு தோற்றப் பிழையேதான் இது. இலக்கின் பிம்பமும் ரெட்டிக்கிளும் ஒரே தளத்தில் விழவில்லை என்றால், தலை நகரும்போது குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும். குமிழில் இருக்கும் எண் தொடக்கப்புள்ளி மட்டுமே. துப்பாக்கி அசையாமல் பையில் கிடக்கட்டும். கன்னத்தை லேசாகத் தூக்கி, "ஆமாம், ஆமாம்" என்பதுபோல் தலையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோடு இலக்கை விட்டு நகர்ந்தால் குமிழைக் கொஞ்சம் திருப்பி மறுபடி பாருங்கள். நகர்வது நிற்கும் இடம்தான் சரி. படம் மிகத் தெளிவாகத் தெரியும் இடமும் இந்த இடமும் ஒன்றாக இல்லையென்றால், கண்பக்க லென்ஸை இன்னும் சரிசெய்யவில்லை என்று அர்த்தம். அது அடுத்த கேள்வியில்.

பிழை எவ்வளவு பெரிதாகலாம்? 100 மீட்டருக்கே பாரலாக்ஸ் நிலைநிறுத்தப்பட்ட 50 மி.மீ. ஸ்கோப்பில் 500 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் மிக மோசமாக விலகியிருக்கும் நிலையில் 10 செ.மீ. வரை தப்பலாம். தொலைதூரத்துக்குப் பாரலாக்ஸ் குமிழ் இல்லாத ஸ்கோப்பை வாங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

எனக்கு 58 வயசு. கண்ணாடி போட்டுத்தான் சுடுவேன். ரெட்டிக்கிள் மங்கலா தெரியுது.

ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் கண்பக்கத்தில் இருக்கும் வளையத்தைச் சரிசெய்யுங்கள். கண்ணாடி போட்டுத்தான் சுடுவீர்கள் என்றால் போட்டுக்கொண்டே செய்யுங்கள். வெள்ளைச் சுவரையோ, சூரியன் இல்லாத பக்கத்து வானத்தையோ நோக்கி வைத்து, ஓரிரு நொடி மட்டும் பார்த்துக் கண்ணை எடுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். பார்த்தவுடனே கோடு கூர்மையாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்புங்கள். அப்புறம் அதைத் தொடாதீர்கள். பாரலாக்ஸைச் சரிசெய்வது இதற்குப் பிறகுதான்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9, 10 செ.மீ. இடைவெளி தரும் மாதிரியைத் தேடுங்கள். வயதை நினைத்துத் தயங்க வேண்டாம். கண்பார்வை குறைந்து துளைக்குறியில் சுட முடியாமல் போனவர்கள் தொடர்ந்து சுட வேண்டும் என்றுதான் கனடாவின் ஜார்ஜ் ஃபர்குவார்சன் ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துச் சுடும் முறையை முன்வைத்தார். எஃப்-கிளாஸில் இருக்கும் 'எஃப்' அவர் பெயரின் முதலெழுத்துதான்.

ஸ்கோப்பை மாட்டுனப்போ ரெண்டு டிகிரி சாய்ஞ்சிருச்சு. பிரச்சினையா?

எது எதற்குச் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுடும்போது ரெட்டிக்கிளின் செங்குத்துக் கோடு தூக்குநூலுக்கு நேராக இருந்து, துப்பாக்கி மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. ஸ்கோப் குழலுக்கு 5 செ.மீ. மேலே இருந்து, சாய்வு 1 டிகிரி என்றால் 1000 மீட்டரில் 1 செ.மீ.கூட விலகாது. 2 டிகிரிக்கு அதைப்போல் இருமடங்கு.

சுடும்போது ரெட்டிக்கிளே சாய்ந்திருந்தால் கதை வேறு. டரட்டில் 10 மில் ஏற்றி, 1 டிகிரி சாய்த்துப் பிடித்தால் அந்த ஏற்றத்தில் 0.17 மில் பக்கவாட்டில் போய்விடும். 1000 மீட்டரில் அது 17 செ.மீ. காற்று என்று நினைத்துத் திருத்துவீர்கள், அடுத்த குண்டு இன்னும் குழப்பும். ஸ்கோப்பில் ஒரு சிறு குமிழ்மட்டம் மாட்டுங்கள். இந்த விளையாட்டில் அந்தக் காசுக்கு அவ்வளவு பலன் தரும் பொருள் வேறு எதுவும் இல்லை.

கிளிக் சரியா வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கிறது?

இந்தப் பக்கத்திலேயே நான் மிக முக்கியமாகக் கருதும் கேள்வி இது. கண்ணாடியின் தெளிவைக் கடையிலேயே பார்த்துவிடலாம். 10 மில் திருகினால் 10 மில்தான் நகர்கிறதா என்பது பார்வைக்குத் தெரியாது.

100 மீட்டரை நாடாவால் அளந்து கொள்ளுங்கள். உயரமான பலகையில் தூக்குநூல் தொங்கவிட்டு அதையொட்டி ஒரு கோடு போடுங்கள். கோட்டின் அடியில் குறிவைத்து, சீரோவில் ஒரு குழு (ஒரே குறிக்குச் சில குண்டுகள்) சுடுங்கள். அதே இடத்தில் குறிவைத்து 10 மில் ஏற்றி இன்னொரு குழு. இரண்டுக்கும் நடுவே சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும், இரண்டும் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ரெட்டிக்கிள் சாய்ந்திருக்கிறது அல்லது நீங்கள் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். பிறகு சீரோவுக்கு இறக்கி மறுபடி சுடுங்கள், முதல் குழுவின் மேலேயே விழ வேண்டும்.

100-க்குப் பதில் 98 செ.மீ. வந்தால் 2 சதவீதம் குறைகிறது. 1000 மீட்டருக்கு 12 மில் ஏற்றும்போது 0.24 மில், அதாவது 24 செ.மீ. கீழே போகும். குறைவு எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் கணக்கில் அந்த விகிதத்தைச் சேர்த்துச் சமாளிக்கலாம். ஒருநாள் 98, ஒருநாள் 101 என்று அலைந்தாலோ, சீரோவுக்குத் திரும்பாமல் போனாலோ, அந்த ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

என் கையில பணம் குறைவு. எதுல விட்டுக்கொடுக்கலாம்?

உச்ச ஜூமில், விளக்கில், எடையில், ஓரங்களில் படம் கொஞ்சம் மங்குவதில் விட்டுக்கொடுக்கலாம். முந்தைய பதிலில் சொன்ன இயக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சுமாரான கண்ணாடியும் நம்பகமான டரட்டும் இருக்கும் 16 மடங்கு ஸ்கோப்பால் 1000 மீட்டர் தகட்டை அடிக்க முடியும். பளிங்கு மாதிரிப் படம் காட்டிவிட்டு சீரோவுக்குத் திரும்பாத ஸ்கோப்பால் முடியாது. ஸ்கோப்புக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, அதைப் பிடித்து நிறுத்தும் ரிங்கில் மிச்சம் பிடிப்பதும் கூடாது.

ரெட்டிக்கிளை வைச்சே தூரம் கண்டுபிடிக்கலாமாமே?

முடியும். இலக்கின் உயரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, ரெட்டிக்கிளில் தெரியும் மில்லால் வகுத்தால் மீட்டரில் தூரம். 500 மி.மீ. தகடு 0.8 மில் தெரிந்தால் 625 மீட்டர். ஆனால் அதையே 0.9 என்று படித்தால் 556 மீட்டர். பத்தில் ஒரு மில் தவறுக்கு கிட்டத்தட்ட 70 மீட்டர் வித்தியாசம்! லேசர் தூரமானி இருக்கும்போது இதற்காக மட்டும் ஒரு ரெட்டிக்கிளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எஸ்.எஃப்.பி. என்றால் ஜூம் எங்கே இருக்க வேண்டும் என்பது முன்பே சொன்னதுதான்.

ஏர் ரைஃபிள்ல உதையே இல்லை. பழைய ஸ்கோப்பை அதுல மாட்டிப் பழகலாமா?

அழுத்தக் காற்று உருளை வைத்ததில் மாட்டலாம். ஸ்பிரிங் வைத்ததில் பார்த்து மாட்டுங்கள். ஸ்பிரிங் விடுபடும்போது துப்பாக்கி பின்னால் போய், உடனே முன்னால் வெட்டி இழுக்கும். பின்னால் மட்டும் உதைக்கும் பெரிய ரைஃபிளுக்காகச் செய்த ஸ்கோப்புக்குள் சில பாகங்கள் இந்த எதிர்த்திசை வெட்டில் கழன்றுவிடலாம். அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டும் போடுங்கள். பாரலாக்ஸ் குமிழ் 10 மீட்டர் வரை இறங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லாம் சரியா செஞ்சும் சீரோ நகர்ந்துக்கிட்டே இருக்கு. ஸ்கோப் போச்சா?

பல சமயம் ஸ்கோப் காரணமாக இருக்காது. முதலில் துப்பாக்கியைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள், பிறகு ரெயிலின் திருகுகள், அப்புறம் ரிங் என்று கீழிருந்து மேலே வாருங்கள். ரிங்கின் மேல் திருகுகளுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அருகில்தான் சொல்வார்கள். தயாரிப்பாளர் தந்த எண்ணையே, அளவுள்ள திருப்புளியால் பிடியுங்கள். கைப்பலத்தில் இறுக்கினால் குழாய் நசுங்கி, பாரலாக்ஸ் குமிழோ ஜூம் வளையமோ கனத்துப்போகும். குழாயும் ரிங்கும் சேரும் இடத்தில் மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று போட்டு வையுங்கள். சில பத்துக் குண்டுகளுக்குப் பிறகு கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ஸ்கோப் ரிங்கில் வழுக்குகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் நகர்ந்தால், நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு ஸ்கோப்பை அதே ரிங்கில் மாட்டி, அதே தோட்டாவில் சுடுங்கள். அதிலும் நகர்ந்தால் குழலையும் தோட்டாவையும் பாருங்கள். அதில் நின்றுவிட்டால் பழையதைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது 100 மீட்டரில் அளந்த எண்களையும் எழுதி வையுங்கள், பழுதை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்க அது உதவும்.